உணவு ஆலைகளில் ஏஐ, ஆட்டோமேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசி ஆலை, பருப்பு ஆலை, மசாலாப் பொடி, முந்திரி, பால், இட்லி மாவு என்று தமிழ்நாட்டில் உணவுத் தொழில் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகளும், ஆலைகளில் ஆட்டோமேஷன் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில்களும் இங்கே இருக்கின்றன. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனி இன்ஜினியர்கள் இருப்பார்கள். முதலாளி, சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ் மூன்று வேலையையும் ஒரே ஆள் பார்க்கிற இடங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஆட்டோமேஷன், ஏஐ இரண்டும் ஒன்றா?

இல்லை. நாம் எழுதிக்கொடுத்த விதியை மெஷின் அப்படியே செய்தால் அது ஆட்டோமேஷன். பால் பாஸ்சரைசரைப் பாருங்கள். பால் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி இருக்க வேண்டும். சூடு அதற்குக் கீழே இறங்கினால் ஒரு வால்வு திரும்பி, பாலை மறுபடி பேலன்ஸ் டேங்குக்கே அனுப்பிவிடும். 72 என்றால் 72தான், அதில் யோசிக்க எதுவும் இல்லை. இந்த மாதிரி விதிகளை ஓட்டுகிற பெட்டிக்குப் பெயர் பிஎல்சி. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலைக்காக உருவான மோடிகான் 084-தான் இந்த வகையில் முன்னோடி. இன்று பிஸ்கட் அடுப்பு முதல் சோடா பாட்டில் லைன் வரை பிஎல்சி இல்லாத இடம் குறைவு.

ஏஐ-யில் விதியை யாரும் எழுதுவதில்லை. நல்ல முந்திரியையும் சொத்தை முந்திரியையும் ஆயிரக்கணக்கில் படமாகக் காட்டினால் வித்தியாசத்தை அது தானே பிடித்துக்கொள்ளும். காட்டாத ஒரு சரக்கு வந்து நின்றால் அது என்ன முடிவெடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் விற்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "இது யாருடைய சரக்கைப் பார்த்துக் கற்றது?" வியட்நாம் முந்திரியைப் பார்த்துக் கற்ற மெஷின் பண்ருட்டி முந்திரியிலும் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் அரிசி ஆலையில் சார்டெக்ஸ் இருக்கிறது. அது ஏஐ-தானே?

பெரும்பாலும் இல்லை. முதலில் பெயர் விஷயம். சார்டெக்ஸ் என்பது லண்டனில் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். இப்போது சுவிட்சர்லாந்தின் பியூலர் குழுமத்தில் இருக்கிறது. நம் ஊரில் நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் எந்தக் கம்பெனியுடையது என்றாலும் சார்டெக்ஸ்தான், "சார்டெக்ஸ் அரிசி" என்று மூட்டையிலேயே அச்சடிக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பாலிஷர் முடிந்து வரும் அரிசி, அதிரும் தட்டு வழியாகச் சரிவான அலுமினியப் பாதையில் இறங்குகிறது. அடியில் வந்து விழும்போது முன்னாலும் பின்னாலும் கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. நாம் வைத்த அளவைவிடக் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு மணி தெரிந்தால், கீழே இருக்கும் எஜெக்டர் காற்றை அடித்து அதை வேறு வழியில் தள்ளிவிடும். பார்ப்பதற்கும் அடிப்பதற்கும் நடுவில் சில மில்லி விநாடிகள்தான். அடிக்கும்போது பக்கத்தில் விழுகிற நல்ல அரிசியும் ஒன்றிரண்டு சேர்ந்து போகும். அதனால்தான் ஒதுக்கியதை இன்னொரு முறை ஓட்டி நல்லதை மீட்கிறோம்.

"இதைவிடக் கறுப்பாக இருந்தால் அடி" என்பது நாம் எழுதிய விதி. எனவே பழைய மெஷின்கள் ஆட்டோமேஷன் வகை. வெள்ளைக் கல், கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் ஆகியவை நிறத்தில் அரிசி போலவே தெரிவதால், அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் கேமராவைச் சில மாடல்களில் கூடுதலாக வைக்கிறார்கள். அதுவும் விதிப்படி ஓடுவதுதான்.

கலர் சார்ட்டர் போட்டும் கறுப்பு அரிசி வருகிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்காக ஆலைக்குப் போனால் நான் முதலில் திரையைப் பார்ப்பதில்லை, கண்ணாடியைப் பார்ப்பேன். கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் தவிடு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். துடைப்பான் தானாக ஓடும்தான், ஆனால் அதன் ரப்பர் தேய்ந்துபோனால் தவிட்டை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு இழுத்துப் பூசிவிடும். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது காற்று. கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருந்தால் எஜெக்டருக்குள் தவிடும் தண்ணீரும் சேர்ந்து பசையாகிவிடும். மழைக்காலத்தில் ஏர் டிரையர் ஓடவில்லை என்றால் ஒரு வாரத்திலேயே இரண்டு மூன்று எஜெக்டர் மெத்தனமாகும். கேமரா சரியாகத்தான் பார்க்கும், காற்றுதான் தாமதமாக அடிக்கும். கறுப்பு மணி தப்பித்து, பின்னால் வந்த நல்ல மணி அடிபடும். அதே கம்ப்ரசரிலிருந்து பேக்கிங் மெஷினுக்கும் காற்று எடுத்திருந்தால் பை மூடும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் இறங்கும். சார்ட்டருக்குத் தனி கம்ப்ரசர் வையுங்கள். முடியாவிட்டால் காற்றைச் சேர்த்துவைக்கும் தனி ரிசீவர் டேங்காவது வையுங்கள்.

மூன்றாவது காரணம் மனிதர் சம்பந்தப்பட்டது. இரவு ஷிப்டில் ஒதுக்கும் சரக்கு அதிகமானால் அந்தப் பை சீக்கிரம் நிறையும், தூக்கிக் கொட்ட ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆபரேட்டர் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். காலையில் பழைய இடத்துக்கே ஏற்றியும் வைத்துவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஒதுக்கியது தானாக ரீ-சார்ட்டுக்குப் போகிற மாதிரி ஒரு எலிவேட்டர் போட்டுக் கொடுத்தால் அவருக்குக் குறைக்க வேண்டிய அவசியமே வராது.

பச்சரிசி ஓடிய செட்டிங்கிலேயே புழுங்கல் அரிசியை ஓட்டுவது நான்காவது காரணம். ரகத்துக்கு ஒரு செட்டிங் சேமித்து, தமிழில் பெயர் எழுதி மெஷினில் ஒட்டிவையுங்கள்.

அப்படியானால் "ஏஐ சார்ட்டர்" என்று புதிதாக விற்பது வெறும் ஸ்டிக்கரா?

சில இடங்களில் ஸ்டிக்கர்தான். ஆனால் எல்லாம் அப்படியில்லை. 2012-க்குப் பிறகு படங்களை அடையாளம் காணும் தொழில்நுட்பம் நன்றாக முன்னேறிவிட்டது. நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாத இடத்தில் அது உண்மையிலேயே உதவுகிறது. முந்திரியில் தோல் ஒட்டிய பருப்பு, பூச்சி துளைத்த பருப்பு, ஓரம் உடைந்த பருப்பு ஆகியவற்றைப் பிரிக்க வடிவம் தெரிய வேண்டும். முந்திரித் தரத்தில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு, டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. இப்படி அளவு பிரிப்பதையும் தோல் பார்ப்பதையும் ஒரே கேமராவில் செய்ய முடிவது பெரிய விஷயம். காய்ந்த மிளகாயில் காம்பு, திராட்சையில் குச்சி போன்றவையும் இந்த ரகம்.

ஜப்பானின் கியூபி கம்பெனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குழந்தை உணவுக்காகச் சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கை ஆட்கள் கண்ணால் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஏஐ கொண்டுவந்தபோது, கெட்டது எப்படி இருக்கும் என்று கற்பிக்கும் வழியை விட்டுவிட்டு, நல்ல துண்டு எப்படி இருக்கும் என்று மட்டும் கற்பித்தார்கள். அப்படித் தெரியாத எதையும் ஒதுக்கு என்று விட்டார்கள். கெட்டுப்போவதற்கு ஆயிரம் வழி உண்டு, எல்லாவற்றுக்கும் படம் சேர்க்க முடியாது. சின்ன ஆலைக்கு இந்த வழி ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் நல்ல சரக்கின் படம் நம்மிடம் வேண்டிய அளவு இருக்கிறது.

பொன்னி அரிசியில் கறுப்பு நீக்க மட்டும்தான் வேண்டும் என்றால் பழைய வகை சார்ட்டரே போதும். ஏஐ என்ற பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

முதலில் எதில் பணம் போடுவது?

எடையில். நான் யாரைக் கேட்டாலும் கேமரா, ரோபோ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாக்கெட்டில் எவ்வளவு அதிகமாகப் போகிறது என்று கேட்டால் பதில் வராது.

ஒரு கணக்குப் போடுவோம். 500 கிராம் மசாலாப் பாக்கெட். எடை குறைந்தால் வழக்கு வரும் என்ற பயத்தில் ஆபரேட்டர் 508 வைத்து ஓட்டுகிறார். நல்ல எடை மெஷின் இருந்தால் 503-இல் ஓட்ட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்கு 5 கிராம், ஒரு நாளைக்கு 10,000 பாக்கெட், ஆக 50 கிலோ. கிலோ 300 ரூபாய் சரக்கு என்றால் ஒரு நாளைக்கு 15,000 ரூபாய். வருடம் 300 நாள் ஓடினால் 45 லட்சம். இவ்வளவு பணம் சும்மா பைக்குள் போகிறது, வாங்குகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி, 500 கிராம் பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 3 சதவீதம், அதாவது 15 கிராம். ஆனால் மாதிரி எடுத்து நிறுத்தால் சராசரி 500-க்குக் கீழே போகக் கூடாது. அப்படியானால் நம்மைக் காப்பாற்றுவது எடையின் சிதறலைக் குறைப்பதுதான். ஒரு பாக்கெட் 494, அடுத்தது 515 என்று குதித்தால் இலக்கை மேலே தூக்கி வைத்தே ஆக வேண்டும். 499-க்கும் 506-க்கும் நடுவிலேயே நின்றால் இலக்கை இறக்கலாம்.

இதற்கு லைனில் ஒரு செக்வெயர் வேண்டும். பாக்கெட் ஓடும்போதே எடை பார்த்து, அது மெல்ல ஏறுகிறது என்று தெரிந்தால் நிரப்பும் மெஷினுக்குச் சொல்லித் திருத்தும். இதில் ஏஐ துளியும் இல்லை. போட்ட பணம் இதில் திரும்புகிற வேகத்தில் வேறு எதிலும் திரும்பி நான் பார்த்ததில்லை.

செக்வெயருக்கே பட்ஜெட் இல்லை என்றால்?

மேசைத் தராசு ஒன்று, நோட்டு ஒன்று. அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து பாக்கெட் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் எழுதினாலே எந்த ஷிப்டில், நிரப்பும் மெஷினின் எந்த ஹெட்டில், எந்த ரோல் ஃபிலிமில் பிரச்சினை என்று தெரிந்துவிடும். பின்னாளில் ஏஐ வாங்கினாலும் அதற்குத் தேவைப்படுவது இந்த நோட்டில் இருப்பதுதான்.

ஏஐ-யிடம் விடவே கூடாத இடம் உண்டா?

உண்டு. சாப்பிடுகிறவர் உயிர் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் கடைசி முடிவு ஏஐ-யிடம் இருக்கக் கூடாது. பாலுக்கு 72 டிகிரி என்று முன்பே பார்த்தோம். டின்னிலோ, அடைத்த பிறகு சூடாக்கும் ரிடார்ட் பவுச்சிலோ அடைத்த, புளிப்பில்லாத உணவென்றால் 121 டிகிரி கணக்கு. குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளை அழிப்பதற்காக வைத்த கணக்கு அது. இந்த எண்களை யாராவது சோதனை செய்து, எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். "இன்றைய பால் கொஞ்சம் நன்றாக இருக்கிறது, 70 போதும்" என்று ஒரு சாஃப்ட்வேர் சொல்ல இடமே தரக் கூடாது.

ஹெச்ஏசிசிபி என்று ஆடிட்டர்கள் சொல்கிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான். 1960-களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு செய்ய நாசா, அமெரிக்க ராணுவ ஆய்வகம், பில்ஸ்பரி கம்பெனி மூன்றும் சேர்ந்து உருவாக்கிய முறை. ஆபத்தான கட்டம் எது என்று முதலில் கண்டுபிடி, அதற்கு ஓர் எல்லை வை, எல்லை தாண்டினால் என்ன செய்வது என்று முன்பே எழுதிவை. எல்லை தினம் மாறினால் இந்த முறைக்கே அர்த்தமில்லை.

ஏஐ-க்கு இங்கே வேறு வேலை கொடுக்கலாம். பாலைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தகடுகளில் பால் படிந்துகொண்டே வந்தால், அதே 72 டிகிரிக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும். அந்தப் போக்கைப் பார்த்து "சாயங்காலத்துக்குள் கழுவ வேண்டியிருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லலாம். எச்சரிக்கை அது கொடுக்கட்டும். வால்வைத் திருப்புவது பழைய விதியே செய்யட்டும்.

மெட்டல் டிடெக்டரும் இந்தப் பட்டியலில்தான் வரும். இரும்பு, இரும்பில்லா உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று சோதனைத் துண்டுகளையும் ஷிப்ட் தொடக்கத்தில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு மாற்று கிடையாது. ஒதுக்கும் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் என்றும் பாருங்கள்.

கேமரா வைத்துவிட்டால் லேப் டெஸ்ட் செலவு மிச்சமாகுமா?

ஆகாது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கில் சில இந்திய மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தினார்கள். அந்தப் பொடியை எந்தக் கேமராவுக்கு முன்னால் கொட்டினாலும் அழகான மசாலாப் பொடியாகத்தான் தெரிந்திருக்கும். பூச்சிமருந்து எச்சமும் அப்படித்தான். நிலக்கடலையில் பூஞ்சையால் வரும் அஃப்ளடாக்சின் என்ற விஷத்தின் விஷயத்தில் சார்ட்டர் ஓரளவு உதவும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பை எடுத்துவிட்டால் விஷத்தின் அளவும் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை லேப்தான் சொல்ல முடியும். ஒரு மூட்டையில் நாலே நாலு பருப்பில் முழு விஷமும் இருக்கலாம் என்பதால் மாதிரி எடுக்கும் முறைதான் இங்கே முக்கியம். மூட்டை வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்புவது சோதனையே ஆகாது.

ஈரப்பதத்துக்கு மட்டும் லைனிலேயே வைக்கும் அகச்சிவப்பு மீட்டர்கள் நன்றாக வேலை செய்கின்றன. அதையும் லேப் அளவோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

ருசியை மெஷின் சொல்லுமா?

வாசனையில் ஓரளவு முயன்றிருக்கிறார்கள். கொல்கத்தா சி-டாக் நிறுவனம் தேயிலைக்காக மின்னணு மூக்கு ஒன்றை உருவாக்கியது. இலை புளிக்கும்போது வரும் வாசனையைத் தொடர்ந்து முகர்ந்து, சரியான நேரம் எது என்று சொல்வது அதன் வேலை. தேயிலையில் அந்த நேரம் தவறினால் கோப்பையில் தெரிந்துவிடும், அதனால் இது நல்ல இடத்தில் வைத்த கருவி. ஏலத்துக்கு முன் ருசி பார்க்கிறவர் வேலை அப்படியேதான் இருக்கிறது.

2023-இல் கோகோ-கோலா, ஏஐ துணையோடு உருவாக்கியது என்று சொல்லி ஒய்3000 என்ற ஒரு பானத்தைக் கொஞ்ச காலம் விற்றது. விளம்பரத்துக்கு நல்ல யோசனை என்பதற்கு மேல் எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை.

இட்லி மாவுக்காரர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். மாவு எவ்வளவு பொங்கியது, பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண்) எவ்வளவு இறங்கியது, அறைச் சூடு என்ன என்று மூன்றையும் பதிவு செய்தால் எப்போது குளிரறைக்கு மாற்றுவது என்று கணிக்கலாம். அதற்கு ஏஐ வரை போக வேண்டாம், ஒரு வரைபடம் போதும். உளுந்து புதுசா பழசா என்று கண்டுபிடிக்க இன்னும் அரைக்கிற அக்காவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மெஷின் பழுதாகும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பேரிங் போகும் முன் அதிர்வு மாறும், சூடு ஏறும், மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும். இதையெல்லாம் சென்சார் வைத்துப் பார்த்து முன்கூட்டியே சொல்கிற ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. கேள்வி எந்த மெஷினில் வைப்பது என்பதுதான். பால் பண்ணையில் பாலைக் குளிரவைக்கும் அம்மோனியா கம்ப்ரசர் நின்றால் மொத்தப் பாலும் போச்சு. அரிசி ஆலையில் பாலிஷர் நின்றால் லைனே நிற்கும். இவற்றில் வையுங்கள். இரண்டு ஹெச்பி கன்வேயர் மோட்டாருக்கு வேண்டாம், அதற்கு ஒரு ஸ்பேர் மோட்டார் வாங்கி அலமாரியில் வைப்பது மலிவு.

உணவு ஆலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. தினமும் சுடுநீரும் காஸ்டிக்கும் அடித்துக் கழுவுகிறோம். சாதாரணத் தொழிற்சாலை சென்சார் ஒரு மாதம் தாங்காது. கழுவுகிற இடத்தில், சூடான நீரை அழுத்தமாக அடித்தாலும் தாங்கும் ஐபி69கே தரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தீபாவளி, பொங்கல் ஆர்டரைச் சரியாகக் கணிக்குமா?

பஞ்சாங்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் கணிக்கும். வெளியூர் சாஃப்ட்வேர்கள் போன வருடம் இதே வாரம் எவ்வளவு விற்றது என்று பார்க்கின்றன. பொங்கலுக்கு அது சரி, ஜனவரி 14 அல்லது 15-ஐத் தாண்டாது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. தேதியை மட்டும் பார்க்கிற மெஷின், பண்டிகை முடிந்த வாரத்துக்கு நெய்யும் கடலை மாவும் ஏற்றி வைக்கச் சொல்லும். ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் வரும். புரட்டாசியில் முட்டையும் கறி மசாலாவும் இறங்கும், சைவச் சரக்கு ஏறும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் குவியும். சமையல் கான்ட்ராக்டர்களுக்குச் சரக்கு போடுகிறவர்கள் இதை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். முகூர்த்த நாள், பண்டிகை நாள், பள்ளி விடுமுறை மூன்றையும் தனித்தனிக் கட்டமாகக் கொடுத்துவிட்டால் சாதாரண எக்செல் கணக்கே விலை உயர்ந்த சாஃப்ட்வேரை ஜெயித்துவிடும்.

ஆட்களுக்கு வேலை போகுமா?

சில வேலை போகும். அரிசி ஆலைகளில் முறத்தை வைத்துக்கொண்டு கல்லும் கறுப்பும் பொறுக்கிய பெண்களின் வேலை சார்ட்டர் வந்ததும் போய்விட்டது, யாரும் பெரிதாகப் பேசவில்லை. முந்திரியில் தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. முதலாளிகள் தரப்பிலும் காரணம் இருக்கிறது. உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை, வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் லைன் நிற்கிறது. 50 கிலோ மூட்டையைத் தூக்கி அடுக்கும் வேலையை ரோபோ செய்தால் யாரும் வருத்தப்படப் போவதில்லை, முதுகு பிழைக்கும்.

என் கருத்து ஒன்று. சார்ட்டரை ஓட்ட டிப்ளமா படித்த பையனைத் தேடுவதைவிட, பத்து வருடம் கையால் பொறுக்கிய பெண்ணுக்குத் திரையைச் சொல்லிக்கொடுங்கள். எந்த மணி கழிவு, எது தப்பில்லாத பழுப்பு என்று அவருக்குத் தெரியும். ஏஐ மெஷினுக்கு நல்லது கெட்டது என்று படங்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு இவரைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார். அதற்கேற்ற சம்பளமும் கொடுக்க வேண்டும்.

சாட்ஜிபிடி மாதிரியானவை ஆலைக்கு உதவுமா?

எழுத்து வேலைக்கு நன்றாக உதவும். மெஷின் கழுவும் முறையைத் தமிழில் எழுதி, அதையே இந்தியில் மாற்றி, வடமாநிலத் தொழிலாளர்களுக்காகச் சுவரில் ஒட்டலாம். வெளிநாட்டு வாங்குபவர் அனுப்பும் நாற்பது பக்க நிபந்தனையில் நமக்குச் சம்பந்தப்பட்டதை எடுத்துத் தரச் சொல்லலாம். லேபிளில் என்ன எழுதுவது, கோதுமை, பால், நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள் எச்சரிக்கை, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வரம்பு எண்கள் ஆகியவற்றை மட்டும் அதைக் கேட்டு அப்படியே அச்சடிக்காதீர்கள். தப்பான எண்ணையும் அதே நம்பிக்கையோடுதான் சொல்லும். மூல விதியைத் திறந்து ஒரு முறை பாருங்கள்.

சின்ன ஆலையை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?

பெரிய கம்பெனிகளுக்கு நடந்தது இதுதான். 2021-இல் உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனமான ஜேபிஎஸ் தாக்கப்பட்டு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆலைகள் நின்றன. 1.1 கோடி டாலர் பணயமாகக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் ஜப்பானின் ஆசாஹி பானக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் முடங்கி, ஆர்டரைக் காகிதத்திலும் ஃபேக்ஸிலும் எடுக்கும் நிலை வந்தது. இப்படித் தாக்குகிறவர்கள் கம்பெனி பெரியதா சின்னதா என்று பார்த்து வருவதில்லை, திறந்த கதவைத் தேடி வருகிறார்கள். நம் ஆலைகளில் அந்தக் கதவு பெரும்பாலும் மெஷின் விற்றவர் ரிமோட்டில் பார்ப்பதற்காக வைத்துவிட்டுப் போன இணைப்புதான். தேவைப்படும்போது மட்டும் கேபிளைச் சொருகுங்கள். ஆபீஸ் வைஃபையும் மெஷின் நெட்வொர்க்கும் வேறு வேறாக இருக்கட்டும்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. பிஎல்சி புரோகிராம் காப்பி ஆலையில் இருக்காது, பாஸ்வேர்டு போட்டவரிடம் மட்டும் இருக்கும். நான் போன ஒரு ஆலையில் இடி விழுந்து பிஎல்சி கருகிவிட்டது. புரோகிராம் எழுதிக்கொடுத்த ஆள் தொழிலையே விட்டுவிட்டார். மெஷின் முழுசாக இருந்தும் லைனை ஓட்ட வழியில்லாமல் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. மெஷினோடு புரோகிராமையும் பாஸ்வேர்டையும் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மாட்டேன் என்றால் கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள்.

எங்கள் சரக்கின் படங்களை மெஷின் கம்பெனி எடுத்துக்கொள்வது சரியா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் படங்களை வைத்துக் கற்ற மாடலைப் பக்கத்து ஆலைக்கு விற்கலாமா என்பதைக் கையெழுத்துக்கு முன் பேசுங்கள். குறைந்தபட்சம் விலையில் தள்ளுபடியாவது கேளுங்கள்.

மானியம் உண்டா?

குறு உணவுத் தொழில்களுக்கான பிரதமரின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் என்று 2020-இல் தொடங்கினார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மெஷின் வாங்கும் முன் சோதித்துப் பார்க்க, பொருளை மேம்படுத்த, தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூர் சிஎஃப்டிஆர்ஐ என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இரண்டும் நல்ல இடங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத மெஷினை வாங்கிவிடாதீர்கள், மீதி 65 சதவீதத்துக்கு வட்டி உங்கள் தலையில்தான்.

டெமோவில் எதைப் பார்க்க வேண்டும்?

அவர்கள் வைத்திருக்கும் மாதிரிச் சரக்கைப் பார்க்காதீர்கள். உங்கள் குடோனில் இருப்பதிலேயே மோசமான மூட்டையைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு மூட்டை சுத்தமான அரிசியில் எண்ணி 200 கறுப்பு மணி கலந்து ஓட்டச் சொல்லுங்கள். நல்ல பக்கம் எத்தனை தப்பி வந்தது, ஒதுக்கிய பக்கம் எவ்வளவு நல்ல அரிசி போனது, இரண்டையும் எண்ணுங்கள். ஒன்றை மட்டும் காட்டி ஏமாற்றுவது சுலபம்: சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் கறுப்பு ஒன்றுகூட வராது, நல்ல அரிசி பாதி வெளியே போயிருக்கும். பத்து நிமிடம் ஓடியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடியில் தவிடு படிய நேரம் கொடுத்து, மூன்று மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

எஜெக்டர் ஒன்று என்ன விலை, சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார், ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுப்பாரா என்றும் கேளுங்கள். டெல்டா ஆலை என்றால் இன்னொன்று: சம்பா நெல்லைக் காட்டி டெமோ முடித்துவிடுவார்கள். குறுவை அறுவடை மழையில் நனைந்து வரும், ஈரமும் பழுப்பும் அதில்தான் அதிகம். கடைசித் தவணையைக் குறுவை நெல் ஒரு மாதம் ஓடிய பிறகு தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.